முதல் மாதத்து அசல்

வீட்டுக்கடன் புரோக்கர் அம்மா மேசை இழுப்பறையிலிருந்து ஒரு மர ஸ்கேலை எடுத்து, என் வீட்டுக்காரருடைய பேங்க் ஸ்டேட்மென்டில் முதல் வரிக்குக் கீழே வைத்தார்.

"ஒவ்வொரு வரியா நான் சத்தமாப் படிப்பேன். அது என்ன செலவுன்னு நீங்க சொல்லணும். ரெண்டு பேரும் காது குடுத்துக் கேக்கணும்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வரி வரியாய்ப் படித்துப் பார்க்க இவர் என்ன பெரிய ஜமீனா? லிஃப்ட் மெக்கானிக். சம்பளம் வரும், வாடகை போகும், பெட்ரோல் போகும், மாதக் கடைசியில் கணக்கு ஈ ஓட்டும். பதினெட்டு வருஷமாய்க் குடித்தனம் நடத்துகிற எனக்குத் தெரியாத என்ன அதிசயம் அந்தத் தாளில் இருந்துவிடப் போகிறது என்று காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இவர் மட்டும் நாற்காலி நுனியில் ஒட்டியும் ஒட்டாமலும் இருந்தார். லிஃப்ட் கயிற்றில் தொங்கிக்கொண்டு வேலை செய்கிற மனுஷன், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரப் பயப்படுகிறாரே என்று அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

நாங்கள் அங்கே போனதே கடைசி முயற்சியாகத்தான். ஆறு வருஷமாய் நாங்கள் குடியிருக்கும் வீட்டை அதன் சொந்தக்கார அம்மா விற்கப்போகிறார். மகனோடு போய் இருக்கப் போகிறாராம். நல்ல மனுஷி, வெளியாளுக்குச் சொல்வதற்கு முன்னால் எங்களைக் கூப்பிட்டு, "நீங்களே வாங்கிக்கங்களேன், ரெண்டு மாசம் பொறுக்கறேன்" என்றார். அதற்கு மேல் அவரால் பொறுக்க முடியாது, வேறொரு ஆள் முழுப்பணத்தோடு நிற்கிறான். கல்யாணமாகி இது எனக்கு ஒன்பதாவது வீடு. ஒன்பது வீட்டிலும் சாமான் கட்டிக் கட்டி என் இடுப்பு போனது, மகள் மூன்று பள்ளிக்கூடம் மாறினாள். இந்த வீட்டில்தான் என் தையல் மெஷின் ஜன்னலுக்குக் கீழே, காலை வெளிச்சம் ஊசியில் விழுகிற இடத்தில் நிற்கிறது. இங்கிருந்து இன்னொரு வாடகை வீட்டுக்கு நான் போகமாட்டேன் என்று அன்றைக்கே சொல்லிவிட்டேன். யாரிடம் சொன்னேன், இவரிடம்தான். வேறு யார் கேட்பார்கள்?

இரண்டு பேங்க்கில் ஏறி இறங்கினோம். முதல் பேங்க்கில் இருந்த பையன் கம்ப்யூட்டரில் நாலு தட்டுத் தட்டிவிட்டு "எலிஜிபிலிட்டி வரல மேடம்" என்றான். ஏன் வரவில்லை என்று கேட்டதற்கு "சிஸ்டம் காட்டல" என்றான். இரண்டாவது பேங்க்கில் அதுகூடச் சொல்லவில்லை. இவர் ஒரு கட்டடத்தில் லிஃப்ட் ரிப்பேர் பார்க்கப் போனபோது அங்கிருந்த வாட்ச்மேன்தான் இந்த வீட்டுக்கடன் புரோக்கர் அம்மாவைப் பற்றிச் சொன்னாராம். மருந்துக்கடைக்கு மேலே ஒற்றை அறை, ஒரு மேசை, ஒரு ஃபேன், சுவர் முழுக்க ஃபைல். புரோக்கர் என்றால் கமிஷன் அடிக்கிற ஆள் என்று மனதில் ஒரு கணக்கோடுதான் படியேறினேன். அந்த அம்மா உட்காரச் சொன்னதுமே அதை உடைத்துவிட்டார்.

"உங்ககிட்ட நான் எதுவும் வாங்கமாட்டேன். கடன் கிடைச்சா பேங்க் எனக்குக் கமிஷன் குடுக்கும். எந்த பேங்க் எவ்வளவு குடுக்குதுன்னு இந்தத் தாள்ல இருக்கு, படிச்சுப் பாத்துக்கங்க. கூடக் குடுக்கற பேங்க்குக்கு உங்களைத் தள்ளிவிடறேனான்னு நீங்களே கண்காணிக்கலாம்" என்றார். அப்புறம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "பதினோரு வருஷம் பேங்க்லதான் வேலை பாத்தேன். விண்ணப்பத்தைத் தள்ளுபடி பண்ற பிரிவு. எதைப் பாத்தா அவங்க பயப்படுவாங்கன்னு எனக்கு நல்லாத் தெரியும். அவங்க கண்ணுல படறதுக்கு முன்னாடி என் கண்ணுல பட்டுட்டா உங்களுக்கு நல்லது."

ஸ்கேல் இறங்க ஆரம்பித்தது. பெட்ரோல், போன் ரீசார்ஜ், மகளின் டியூஷன். பிறகு ஒரு பேக்கரி. இரண்டு வரி தள்ளி மறுபடியும் அதே பேக்கரி.

"வாரத்துல நாலு தடவை பேக்கரிக்குப் போறீங்களே சார், யாருக்கு?"

இவர் என்னைப் பார்க்காமல் ஃபேனைப் பார்த்தார். சர்க்கரை இருக்கிறது, இனிப்பைக் கண்ணால்கூடப் பார்க்காதீர்கள் என்று டாக்டர் சொல்லி ஒரு வருஷம் ஆகிறது. வீட்டில் நான் கசப்புக் கஷாயம் வைத்துக் கொடுக்க, குழந்தை மாதிரி மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிப்பார்.

"கூட வேலை செய்யறவங்களுக்கு" என்றார்.

"வீட்டுக்கு வாங்க, பேசிக்கலாம்" என்றேன். அந்த அம்மா சிரித்துக்கொண்டே ஸ்கேலை இறக்கினார். இறக்கியவர் நிறுத்தினார். அடுத்த மாதத்துத் தாளைப் புரட்டினார், கடைசித் தாள் வரை புரட்டினார்.

"ஏழாம் தேதி. பதினாலு மாசமா ஒரே தொகை. ஒரு ஃபைனான்ஸ் கம்பெனிக்குப் போகுது. இந்தக் கடனை ஃபாரத்துல நீங்க எழுதவே இல்லையே சார்?"

எனக்குக் காதில் விழுந்தது, மூளையில் ஏறவில்லை. இவர் திருதிருவென்று முழித்தார். பிறகு, "அது என் கடன் இல்ல மேடம். தம்பியோடது. நான் ஜாமீன்" என்றார்.

அவ்வளவுதான். நான் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறேன் என்பதே மறந்துவிட்டது. அவருடைய தம்பியை வீட்டில் சின்னவன் என்போம். சரக்கு வேன் வாங்கி ஓட்டிப் பெரிய ஆளாகிறேன் என்று கிளம்பினான். வேன் ஓடியதைவிடப் பட்டறையில் நின்றதுதான் அதிகம். அப்போதெல்லாம் இவர் கை ஓட்டைக் கை, இருக்கிறதையெல்லாம் தூக்கிக் கொடுப்பார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலைநேரம், மகளுக்கு ஃபீஸ் கட்டக் கையில் ஒன்றுமில்லாமல் நான் தவித்துக்கொண்டிருந்தபோது அவன் வந்து வாசலில் நின்றான். வாய்க்கு வந்தபடி பேசிவிட்டேன். இனி இந்த வாசல் பக்கம் கை நீட்டிக்கொண்டு வராதே என்றேன். எதிர்வீட்டுக் கதவு திறந்து மூடியது. அதன் பிறகு அவன் வரவில்லை. பீடை ஒழிந்தது என்று நானும் நிம்மதியாக இருந்தேன். இப்போது பார்த்தால், பதினாலு மாதமாய் என் மகளின் டியூஷன் ஃபீஸைப் போல இரண்டு பங்கு அந்த வேனுக்குப் போய்க்கொண்டிருக்கிறது!

"எவ்வளவு நெஞ்சழுத்தம் உங்களுக்கு! ராத்திரி பகல்னு நான் ஆஸ்பத்திரி லாண்டரியில வெந்து சாகறேன். ஒரு நல்ல செருப்பு வாங்க மூணு மாசம் யோசிக்கறேன். நீங்க பக்கத்துல படுத்துக்கிட்டு என்கிட்டயே மறைப்பீங்களா? கட்டின பொண்டாட்டிகிட்ட மறைக்கற மனுஷனுக்கு வீடு எதுக்கு, வாசல் எதுக்கு?"

இன்னும் என்னென்னவோ சொன்னேன். அந்த அம்மா டீ கிளாஸை என் கைக்கு எட்டாத தூரத்துக்கு நகர்த்தி வைத்தார். இவர் விரல் நகத்தில் இருந்த கிரீஸைச் சுரண்டிக்கொண்டிருந்தார். நான் மூச்சு வாங்க நிறுத்தியதும், "சரி, அடுத்தது உங்க அக்கவுன்ட் பாத்துடலாமா?" என்று அந்த அம்மா என் ஸ்டேட்மென்டை எடுத்து விரித்தார்.

அப்போதுதான் என் தாளில் இருப்பது எனக்கு ஞாபகம் வந்தது.

ஸ்கேல் என் தாளில் இறங்கியது. சம்பளம், மளிகை, கரன்ட் பில், மருந்துக்கடை. எழுந்து போய்விடலாமா, பாத்ரூம் எங்கே என்று கேட்கலாமா என்று யோசித்தேன். கடைசி வரியில் ஸ்கேல் நின்றது. அந்த அம்மா கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

"மூணு நாளைக்கு முன்னாடி இவ்வளவு பெரிய தொகை, ரொக்கமா போட்டிருக்கீங்க. உங்க ஒன்றரை வருஷச் சம்பளம் இருக்கும் போலிருக்கே. எங்கேர்ந்து வந்துச்சு?"

இவர் தலையைத் தூக்கினார். முதலில் தாளைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். கோபமே இல்லை அதில். ஆச்சரியம்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் திரைச்சீலை தைக்கிறேன் என்பது இவருக்குத் தெரியும். எவ்வளவு வருகிறது என்பதுதான் தெரியாது. பாதியைத்தான் சொல்வேன். மீதி ஒன்பது வருஷமாய் துணிப்பெட்டிக்கு அடியில், பழைய தலையணை உறைக்குள் இருந்தது. தெரிந்தால் சின்னவனுக்குத் தூக்கிக் கொடுத்துவிடுவார் என்ற பயம். மூன்று நாளைக்கு முன்னால் அதை மொத்தமாய்க் கொண்டுபோய் பேங்க்கில் போட்டேன். கணக்கில் இத்தனை பணம் இருப்பதைப் பார்த்துப் பேங்க்காரன் அசந்துபோக வேண்டும், இவரும் அசந்துபோக வேண்டும் என்று ஆசை. இவர் அசந்துதான் போனார். தரையைப் பார்த்துக்கொண்டு இதையெல்லாம் சொல்லி முடித்தேன்.

"கட்டின புருஷன்கிட்ட மறைக்கற…" என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. அவர் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்து பார்த்தால், மனுஷன் சிரிப்பை அடக்க முடியாமல் அடக்கிக்கொண்டிருக்கிறார். எனக்கு முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

அந்த அம்மா சிரிக்கவில்லை. "இதாலதான் ரெண்டு பேங்க்லயும் தள்ளிட்டாங்கன்னு நினைக்காதீங்க, அவங்க தள்ளினது ஜாமீனுக்காக. அது நீங்க எழுதாட்டியும் அவங்க சிஸ்டம்ல தெரியும். தம்பி கட்டலன்னா நீங்க கட்டணும், அதனால அதையும் உங்க கடனாத்தான் அவங்க பாப்பாங்க. மறைச்சிருக்கீங்கன்னு வேற நினைப்பாங்க. இனிமே போற பேங்க் இந்தப் பணத்தையும் பாக்கும். விண்ணப்பம் போடறதுக்கு மூணு நாள் முன்னாடி ரொக்கம் வந்தா, யார்கிட்டயோ கைமாத்து வாங்கிக் கணக்குல காட்டறாங்கன்னுதான் அர்த்தம் எடுத்துப்பாங்க. மாசாமாசம் கொஞ்சம் கொஞ்சமா போட்டிருந்தா இதே பணம் உங்களுக்குப் பெரிய பலம்" என்றார். பிறகு விரலை மடக்கினார். "ஒண்ணு, அந்த ஜாமீன் தீரணும். அந்தக் கடனை அடைச்சு, கம்பெனிகிட்டேர்ந்து கடிதம் வரணும். ரெண்டு, இது நீங்க தைச்சு சம்பாதிச்ச பணம்தான்னு நான் நிரூபிக்கணும். ரெண்டும் நடந்தா உங்களுக்கு வீடு கிடைக்கும். ஒண்ணு விட்டாலும் கிடைக்காது."

வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸை விட்டு இறங்கி நடக்கும்போது நான்தான் ஆரம்பித்தேன்.

"சின்னவன் கேட்டானா? எனக்குத் தெரியாம உங்ககிட்ட வந்து கேட்டானா?"

"கேக்கல. நீ அன்னைக்குப் பேசினதுக்கப்புறம் அவன் எனக்குப் போன்கூடப் பண்ணல. கம்பெனிக்காரன்தான் ஜாமீன் போட்டவன்னு என்னைக் கூப்பிட்டான். நானே கட்டினேன். உன்கிட்ட சொன்னா நீ அவன் வீட்டு வாசல்லயே போய் நின்னு கத்துவ. அதுக்குப் பயந்துதான்."

இவர் சத்தமே போடவில்லை. போட்டிருந்தால் பதிலுக்கு நானும் போட்டிருப்பேன், தேவலாமென்றிருந்திருக்கும். என் வாய்க்குப் பயந்துதான் இந்த மனுஷன் பதினாலு மாதம் தனியாக ஏழாம் தேதி ஏழாம் தேதியாகச் சுமந்திருக்கிறார். இவருடைய கைக்குப் பயந்து நான் ஒன்பது வருஷம் தலையணை உறையைச் சுமந்திருக்கிறேன். ஒரே கட்டிலில் படுத்துக்கொண்டு, இரண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் திருட்டுத்தனம் பண்ணியிருக்கிறோம். எனக்கு வெட்கமாக இருந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை. "நாளைக்கு அவன் வீட்டுக்கு நான் போறேன். வாசல்ல நிக்கத்தான்" என்று மட்டும் சொன்னேன்.

சின்னவன் ஊருக்கு வெளியே ஒரு கிடங்கில் டிரைவராகச் சேர்ந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. அவன் குடியிருந்த அறைக்குப் பக்கத்துக் காலி இடத்தில்தான் அந்த வேன் நின்றது. முன் சக்கரம் இரண்டும் செங்கல்மேல். ஆனால் கண்ணாடி துடைத்துப் பளிச்சென்று இருந்தது. உள்ளே சீட்டுக்குப் புது உறை. என்னைப் பார்த்ததும் அவன் கையிலிருந்த துணியைக் கீழே போட்டுவிட்டு, "அண்ணனுக்கு ஏதாவது…?" என்றான். முகம் வெளுத்துவிட்டது.

"அண்ணனுக்கு ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்காரு. திருட்டுத்தனமா பன் தின்னுக்கிட்டு" என்றேன்.

அவன் உள்ளே கூப்பிட்டு நாற்காலியைத் தட்டிப் போட்டான். நான் வந்த விஷயத்தைச் சொன்னேன். வீடு, இரண்டு மாதக் கெடு, ஜாமீன் கடிதம் எல்லாவற்றையும். மீதிக் கடனை ஒரே தடவையில் அடைக்க வேண்டும், என் பணத்தை எடுத்துக் கட்டினால் வீட்டுக்கு முன்பணம் குறைந்துவிடும் என்றும் சொன்னேன். வேனை விற்றுவிடு என்று மட்டும் என் வாயில் வரவில்லை. ஜன்னல் வழியாக அது தெரிந்துகொண்டே இருந்தது. சம்பளத்தில் மிச்சம் பிடித்து மாதம் ஒரு உதிரிபாகமாய் வாங்கி வைத்திருக்கிறான், மூலையில் ஒரு புது ரேடியேட்டர் பெட்டி பிரிக்காமல் இருந்தது.

அவனும் ஜன்னலைப் பார்த்தான்.

"கிடங்கு முதலாளி பழைய வேன் ஒண்ணு தேடிட்டிருக்காரு அண்ணி. இதைக் கேட்டாரு. நான்தான் தரமாட்டேன்னு சொல்லியிருந்தேன்" என்றான். அப்புறம், "அண்ணன் கட்டிட்டிருக்காருன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் பேசாம இருந்தேன். இந்த வண்டியை மறுபடி ஓட்டிட்டா ஒரேயடியா வந்து திருப்பிக் குடுத்துடலாம்னு நெனச்சேன். எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு வர்றதுன்னுதான்…"

"எனக்கு மன்னிப்பெல்லாம் கேக்கத் தெரியாது. ஞாயித்துக்கிழமை சாப்பிட வா" என்றேன்.

"வாசல்ல நிக்கவா, உள்ள வரவா?" என்றான். குறும்புதான், ஆனால் கண் கலங்கியிருந்தது. எனக்கும் பொறுக்கவில்லை. "கொழுப்பு குறையல உனக்கு" என்று எழுந்துவிட்டேன். அவன் ஞாயிற்றுக்கிழமை வந்தான். அதற்கு அடுத்த வாரம் வேன் கிடங்கு முதலாளிக்குப் போயிற்று. கடன் அடைந்த கடிதத்தை அவனே கம்பெனியிலிருந்து வாங்கிவந்து, அண்ணன் கையில் கொடுக்காமல் என் கையில் கொடுத்தான்.

பணம் என்னுடையது என்று நிரூபிப்பதுதான் கூத்தாகிவிட்டது. "ஏதாவது எழுதி வெச்சிருக்கீங்களா?" என்று புரோக்கர் அம்மா கேட்டார். ஏன் எழுதாமல்? ஏழு நோட்டுப் புத்தகம் இருக்கிறது. ஒன்பது வருஷம் நான் தைத்த ஒவ்வொரு திரைச்சீலையும் அதில் இருக்கிறது. யார் வீடு, எந்த அறை, ஜன்னல் அகலம், உயரம், மடிப்பு எத்தனை, என்ன நிறம், என்றைக்குக் கொடுத்தேன், போன் நம்பர். பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு போனேன். அந்த அம்மா பக்கம் பக்கமாய்ப் புரட்டினார். முகம் மலர்ந்துகொண்டே வந்து, திடீரென்று சுருங்கியது.

"எல்லாம் இருக்கு. எவ்வளவு வாங்கினீங்கன்னு ஒரு இடத்துலகூட இல்லையே?"

"எழுதினா இவர் பாத்துடுவாரே" என்றேன்.

அந்த அம்மா ஸ்கேலைக் கீழே வைத்துவிட்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். "பதினோரு வருஷத்துல வருமானத்தை வரி ஆபீசுக்குப் பயந்து எழுதாதவங்களைப் பாத்திருக்கேன். புருஷனுக்குப் பயந்து எழுதாதவங்க நீங்கதான் முதல்." இவர் பக்கத்தில் இருந்துகொண்டு ரொம்பப் பெருமையாக நெஞ்சை நிமிர்த்தினார். தன்னைக் கண்டு ஒருத்தி பயந்தாள் என்பதை வாழ்க்கையில் முதல் தடவையாகக் கேட்கிறார், பாவம்.

வழி இல்லாமல் போகவில்லை. போன் நம்பர் இருந்ததே. லாண்டரி ஷிப்ட் முடிந்ததும் ஒவ்வொரு வீடாய்ப் போனேன். இன்ன வருஷம் எங்கள் வீட்டுக்கு இவர் திரைச்சீலை தைத்தார், இன்ன தொகை கொடுத்தோம் என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாருங்கள் என்று கேட்டேன். வீடு வாங்கவா என்று எல்லாரும் கேட்டார்கள். கேட்டுவிட்டு உள்ளே கூப்பிட்டார்கள். ஒரு பல் டாக்டர், நான் எட்டு வருஷத்துக்கு முன்னால் தைத்த நீலத் திரை இன்னும் சாயம் போகாமல் தொங்குவதைக் காட்டி, தன் லெட்டர்ஹெட்டிலேயே எழுதிக் கொடுத்தார். நான் கேட்காமலே "நேர்த்தியான வேலை" என்று வேறு சேர்த்திருந்தார். முப்பத்தொரு கடிதம் சேர்ந்தது. இத்தனை ஜன்னல்களுக்கு நான் துணி மாட்டியிருக்கிறேனா என்று எனக்கே மலைப்பாக இருந்தது. புரோக்கர் அம்மா அவற்றைத் தேதிவாரியாய் அடுக்கி, தையல் நூலால் கட்டி, நீளமாய் ஒரு விளக்கக் கடிதம் எழுதி, தானே ஒரு பேங்க்குக்கு எடுத்துக்கொண்டு போனார். பெரிய பேங்க் இல்லை. "இங்க தாளை மனுஷங்க படிக்கறாங்க" என்றார். அவருக்கு அங்கே கமிஷன் குறைவு என்பதை முதல் நாள் கொடுத்த தாளில் பார்த்துக்கொண்டேன்.

பதினெட்டு நாள் பதில் இல்லை. கெடுவுக்குப் பத்து நாள் இருக்கும்போது சொந்தக்கார அம்மா போன் செய்து, தயங்கித் தயங்கி, "அந்த ஆள் ஒரு தடவை வீட்டைப் பாத்துட்டுப் போகட்டுமே" என்றார். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? புருஷனும் பெண்டாட்டியுமாக வந்தார்கள். அந்தப் பெண் என் சமையலறையில் நின்று சுவரைத் தட்டிப் பார்த்து, "இதை இடிச்சுடலாம்" என்றாள். என் தையல் மெஷின் நிற்கும் இடத்தில் டீவி வைப்பார்களாம். நான் பல்லைக் கடித்துக்கொண்டு டீ போட்டுக் கொடுத்தேன். அவர்கள் போனதும் அவள் தட்டிய இடத்தை ஈரத்துணியால் துடைத்தேன். மகள், "அழாதம்மா" என்றாள். "நான் எங்கடி அழறேன், சுவர் அழுக்கா இருக்கு" என்றேன். உண்மையில் அழுதுகொண்டுதான் இருந்தேன்.

மறுநாள் லாண்டரியில் உலர்ந்த படுக்கைவிரிப்புகளை மடித்துக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. மெஷின் இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. வெளியே ஓடினேன். "வந்துடுச்சு" என்றார் புரோக்கர் அம்மா. அதற்கு மேல் அவர் சொன்னது எதுவும் என் காதில் ஏறவில்லை. யாரோ வந்து, கையில் என்ன என்று கேட்டபோதுதான், ஆஸ்பத்திரி விரிப்பு ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டே வந்திருக்கிறேன் என்று தெரிந்தது.

கையெழுத்துப் போடுகிற நாளில் அந்த அம்மா பத்துப் பக்கம் கொண்ட ஒரு அட்டவணையை எங்கள் முன்னால் வைத்தார். இருபத்தைந்து வருஷம், முந்நூறு வரி. கடைசி வரியைப் பார்த்துவிட்டு இவர் கேட்டார், "அப்போ எனக்கு எழுபது வயசு. அதுக்கு முன்னாடி நான் போயிட்டா?"

"அதுக்கு இன்ஷூரன்ஸ் இருக்கு சார்" என்றார் அந்த அம்மா.

"போய்த்தான் பாருங்களேன். முந்நூறாவது வரி முடியாம நகரக் கூடாது" என்றேன்.

பிறகு முதல் வரியைப் பார்த்தேன். கட்டுகிற தொகை ஒரு கட்டத்தில், வட்டி ஒரு கட்டத்தில், அசல் ஒரு கட்டத்தில். அசல் கட்டத்தில் இருந்த எண்ணைப் பார்த்ததும் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. நூறு கட்டினால் எழுபத்தெட்டு வட்டிக்குப் போகிறது, இருபத்திரண்டுதான் அசலில் கழிகிறது!

"இது என்ன அநியாயம்? நாங்க கட்டறது வீட்டுக்கா, வட்டிக்கா?"

"இப்போ உங்க கடன் முழுசா இருக்கு, அதனால வட்டி ஜாஸ்தி. மாசாமாசம் கடன் கொஞ்சம் குறையும், வட்டியும் குறையும், அந்த அளவுக்கு அசல் கூடக் கழியும். பதினாலாவது வருஷம் பாதிக்குப் பாதி ஆகும். வட்டி விகிதம் மாறினா இந்த எண்ணும் மாறும், அதையும் தெரிஞ்சுக்கங்க. முன்கூட்டியே கட்டினா அபராதம் போடாத பேங்க்காப் பாத்துத்தான் வாங்கியிருக்கேன். திரைச்சீலை பணம் வந்தா தலையணை உறையில போடாம நேரா அசல்ல கட்டுங்க, சீக்கிரம் முடியும்" என்றார். முதல் வரியின் கடைசிக் கட்டத்தில் விரலை வைத்தார். "சின்னதுதான். ஆனா வீட்டுல இவ்வளவு முதல் மாசமே உங்களுது."

இவ்வளவு என்றால் எவ்வளவு? எனக்கு எதையும் அளந்து பார்த்தால்தான் புரியும். வீட்டு விலையை வீட்டின் பரப்பால் வகுத்தேன். எண்ணூற்றைம்பது சதுர அடி. ஒரு சதுர அடிக்கு வந்த விலையை அந்தக் கடைசிக் கட்டத்து எண்ணோடு இரண்டு தடவை ஒத்துப் பார்த்தேன், சரியாகத்தான் வந்தது.

முதல் தவணை பிடித்த செய்தி ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் போனில் வந்தது. இவர் வேலைக்குக் கிளம்பி, சட்டைப்பையில் ஸ்குரூடிரைவரைச் செருகிக்கொண்டிருந்தார். நான் சமையலறையிலிருந்து கூப்பிட்டேன்.

"என்னங்க, இங்க வாங்க. நாம குடுத்த முன்பணத்துக்கு இந்தச் சமையலறையும் குளியலறையும் நம்மளுது. சரியா?"

"சரி."

"வெளியில இருக்கற மீதியெல்லாம் பேங்க்கோடது."

"காலங்காத்தால என்ன இது? எனக்கு லேட்டாவுது."

நான் சமையலறைக் கதவைத் தாண்டி, கூடத்தில் முதலாவதாக இருந்த தரைக்கல்லில் காலை வைத்தேன். ஓரடிக்கு ஓரடி, சாம்பல் நிறம், ஒரு மூலையில் சின்னதாய் உடைந்தது. ஆறு வருஷமாய் நான் மிதித்துக்கொண்டு போகிற கல்தான். இரண்டு பாதத்தையும் சேர்த்து வைத்து நின்றேன்.

"முதல் மாசத்து அசல். இந்த ஒரு கல்லு" என்றேன்.

இவர் கீழே பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றி ஓரமாய் வைத்துவிட்டு வந்து, அதே கல்லில் எனக்கு எதிரே ஏறி நின்றார். கனத்த மனுஷன், இடம் போதவில்லை. என் பாதத்தின் மேல் அவர் விரல்கள் ஏறின.

"உங்க குதிகால் பேங்க் இடத்துல இருக்கு. உள்ள இழுங்க" என்றேன்.

அவர் உள்ளே இழுத்தார். தடுமாறி என் தோளைப் பிடித்துக்கொண்டார். நான் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். பள்ளிக்கூடப் பையோடு வெளியே வந்த மகள், "ரெண்டு பேரும் என்ன பண்றீங்க?" என்று கேட்டாள். பதில் சொன்னால் நிலை தவறிவிடும் போலிருந்தது. குதிகாலைத் தூக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, கல்லைவிட்டு வெளியே போகாமல் அப்படியே நின்றோம்.